லப்டொப்பில் சார்ஜ் ஏறவில்லையா? பற்றரி வாங்க முதல் இவற்றைப் பாருங்கள்

"சார்ஜ் ஏறுதில்லை" என்று கொண்டுபோனால் பல இடங்களில் கிடைக்கிற முதல் பதில் "பற்றரி போட்டுது, புதுசு போடவேணும்" என்பதுதான். பலநேரம் அது பிழையான பதில். சுவரில் இருக்கிற கரண்ட் பற்றரிக்குள் போய்ச் சேர ஐந்தாறு இடம் தாண்டவேண்டும். எந்த இடத்தில் மறிபடுகிறது என்று தெரியாமல் பற்றரியை மாற்றினால் காசும் போகும், பழுதும் அப்படியே இருக்கும். கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீற்றரும் (வோல்ற் அளக்கிற கருவி) கொஞ்சம் பொறுமையும் காணும்.

முதலில் பாதை. சுவரில் 230 வோல்ற் ஏசி. அடப்டர் அதை 19, 19.5 அல்லது 20 வோல்ற் டிசி ஆக்குகிறது. நாங்கள் அதைச் சார்ஜர் என்று சொன்னாலும் பற்றரியைச் சார்ஜ் செய்வது அது இல்லை. உண்மையான சார்ஜர் மதர்போட்டில் இருக்கிற ஒரு சிப். அடப்டரின் வோல்ற்றேஜைப் பற்றரிக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்து அனுப்புவது அதுதான். எவ்வளவு அனுப்பலாம் என்று சொல்வது பற்றரிக்குள்ளேயே இருக்கிற சின்னச் சுற்று. செல்களின் (பற்றரிக்குள் சேர்த்து வைத்திருக்கிற சிறு மின்கலங்கள்) வோல்ற்றேஜ், வெப்பம், மிச்சக் கொள்ளளவு எல்லாவற்றையும் கணக்கெடுத்து இரண்டு மெல்லிய தகவல் வயர் வழியாக மதர்போட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவே சார்ஜ் ஏறாமல் நிற்பது பல தடவை பழுது அல்ல, இந்த இரண்டு பக்கத்தில் ஒன்று எடுத்த முடிவு.

ஒரு லித்தியம் செல் பெயரளவில் 3.6 அல்லது 3.7 வோல்ற். நிரம்பும்போது 4.2. புதிய மெல்லிய பற்றரிகளில் 4.35, 4.4 வரையும் போகும். மூன்று செல் தொடராக இருந்தால் 11.1 வோல்ற் பற்றரி, நிரம்பினால் 12.6. செல் 4.2ஐத் தொடும்வரை ஒரே அளவு கரண்ட் போகும். அதன்பிறகு வோல்ற்றேஜ் அதே இடத்தில் நிற்க, கரண்ட் குறைந்துகொண்டே போகும். 80 வீதம் வரை விறுவிறென்று ஏறிவிட்டு மிச்சம் இழுபடுவது இதனால்தான். அதற்கு மருந்து தேடவேண்டாம்.

பற்றரி வீங்கியிருக்கிறது

இது மட்டும் வரிசையில் முன்னுக்கு வரவேண்டியது. ரச்பாட் மேலெழும்பி அழுத்த முடியாமல் இருக்கிறதா, கீழ்மூடியின் விளிம்பு விரிந்திருக்கிறதா, மேசையில் வைத்தால் லப்டொப் ஆடுகிறதா? சார்ஜரைக் கழற்றி நிறுத்திவிடுங்கள். மற்ற எந்தச் சோதனையும் வேண்டாம். உள்ளே எரியக்கூடிய வாயு சேர்ந்திருக்கிறது. குத்துவது, அழுத்தி மூடுவது, "கொஞ்ச நாளைக்குப் பாவிப்பம்" என்று விடுவது எல்லாம் வீட்டை எரிக்கிற வேலை. கழற்றத் தெரிந்தவர் பிளாஸ்ரிக் தகட்டால் மெதுவாகக் கிளப்பவேண்டும், ஸ்குரூ டிரைவரால் நெம்பக்கூடாது. கழற்றியதைக் குப்பையோடு போடாமல், வெயில் படாத வெளியிடத்தில் சீமெந்துத் தரையில், எரியக்கூடிய ஒன்றும் பக்கத்தில் இல்லாமல் வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். புகை வரத் தொடங்கினால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, ஆட்களை விலக்கி, நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவையுங்கள். புகையைச் சுவாசிக்கவேண்டாம்.

சார்ஜரைக் கொளுவினால் ஒரு லைட்டும் இல்லை

சுவரிலிருந்து தொடங்குங்கள். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் உருண்டைப் பின் சொக்கற்றுகள் இன்னும் இருக்கின்றன. வாங்குகிற வயர்களோ 13 அம்பியர் சதுரப் பின். இடையில் ஒரு மாற்றுப் பிளக், அதற்குக் கீழே ஒரு எக்ஸ்ரென்சன் கோட். இந்தச் சங்கிலியில் தளர்ந்த தொடுப்புத்தான் அதிகம். மாற்றுப் பிளக்கைக் கழற்றிப் பித்தளைப் பின்னைப் பாருங்கள். கறுத்திருந்தால், அல்லது பிளாஸ்ரிக் உருகி மஞ்சளித்திருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். சதுரப் பின் பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லப்டொப் வயருக்கு 3 அம்பியர் பியூஸ் போதும்.

அடுத்தது அடப்டர் பெட்டிக்குள் செருகுகிற வயர். பெட்டி பக்கத்தில் அரைவாசி வெளியே வந்திருப்பது சாதாரணம். இறுக்கித் தள்ளிவிட்டுப் பாருங்கள்.

இனி மீற்றர். டிசி 20க்கு மேல் அளக்கிற நிலையில் வைத்து, சிவப்பு முனையை அடப்டர் பிளக்கின் உட்பக்க உலோகத்தில், கறுப்பை வெளிப்பக்கத்தில் வையுங்கள். டெல், எச்.பி, லெனோவோ போல நடுவில் மெல்லிய ஊசி இருக்கிற வகை என்றால் சிவப்பு முனை அந்த ஊசியைத் தொடக்கூடாது, உட்சுவரைத்தான் தொடவேண்டும். லேபலில் 19.5 என்றால் 19க்கும் 20க்கும் இடையில் வரவேண்டும். 0 அல்லது ஏறி இறங்கும் இலக்கம் வந்தால் அடப்டர் அல்லது வயர்.

அடப்டரில் சொந்த லைட் இருந்து, லப்டொப்பில் செருகியவுடன் அது அணைந்தால் கதை வேறு. லப்டொப் பக்கத்தில் எங்கோ ஷோர்ட் ஆகிறது. அடப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காமல் மதர்போட் திருத்துபவரிடம் கொடுங்கள்.

வயரை ஆட்டினால் ஏறுகிறது, விட்டால் நிற்கிறது

அடப்டர் வயர் பிளக்கோடு சேர்கிற இரண்டு அங்குலத்தில் உள்ளே அறுந்திருக்கும், அல்லது லப்டொப்பின் ஜக் (பிளக் செருகுகிற துளை) தளர்ந்திருக்கும். வேறுபடுத்துவது இலகு: பிளக்கை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு வயரை மட்டும் வளையுங்கள். லைட் மினுங்கினால் வயர். வயரை அசையாமல் வைத்துப் பிளக்கை ஆட்டும்போது மினுங்கினால் ஜக். பல லப்டொப்பில் ஜக் ஒரு குட்டி வயரோடு தனியாகக் கழரும், ஈயம் ஒட்டத் தேவையில்லை, அதை மட்டும் மாற்றலாம். சிலதில் மதர்போட்டில் நேரே ஒட்டப்பட்டிருக்கும்.

காரைநகர், பருத்தித்துறை, வல்வெட்டித்துறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றால் ஜக்குக்குள் கறள் பிடிப்பதும் உண்டு. பற்றரியையும் அடப்டரையும் கழற்றிவிட்டு, 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த மெல்லிய பஞ்சுக் குச்சியால் துடைத்து, வடிவாகக் காயவிட்டுச் செருகுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டாம். மேற்பூச்சு போனால் கறள் இன்னும் வேகமாக வரும். தளர்ந்த ஜக்கோடு காலத்தை ஓட்டுவதும் கூடாது. தொடுப்புச் சரியில்லாத இடத்தில் 3, 4 அம்பியர் போகும்போது அந்த இடம் சூடேறி, ஜக்கைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் பழுப்பாகும்.

"பிளக்ட் இன், நொட் சார்ஜிங்" என்று காட்டி 60இலோ 80இலோ நிற்கிறது

பதறவேண்டாம். பெரும்பாலும் பற்றரியின் ஆயுளுக்காகப் போட்ட எல்லை இது. லெனோவோவில் 'கொன்சர்வேசன் மோட்' போட்டிருந்தால் மொடலைப் பொறுத்து 60 அல்லது 80 அளவில் நிறுத்தும். 'லெனோவோ வான்ரேஜ்' செயலியில் பற்றரிப் பகுதியில் இருக்கும். அசுஸில் 60, 80, 100 என்று தெரிவு. டெல்லில் பயோசுக்குள் (விண்டோஸ் தொடங்க முதல் திறக்கிற அமைப்புப் பக்கம்) சார்ஜ் முறை என்ற இடத்தில் 'பிரைமரிலி ஏசி யூஸ்', 'கஸ்டம்' போன்றவை. எச்.பியில் பயோசுக்குள் 'பற்றரி ஹெல்த் மனேஜர்'. மக்புக் உங்கள் பழக்கத்தைப் பார்த்துத் தானே 80இல் நிறுத்தும்.

95, 97 என்று நிற்பதும் இப்படித்தான். ஒருமுறை நிரம்பிய பிறகு இரண்டு மூன்று வீதம் இறங்கினாலும் உடனே ஏற்றாமல் விடும். ஓயாமல் உச்சி வோல்ற்றேஜில் வைத்திருந்தால் செல் வேகமாக மூப்படையும்.

எப்போதும் மேசையில் சார்ஜரோடு வைத்துப் பாவிப்பவர்கள் இந்த எல்லையை எடுக்காமல் விடுவதே நல்லது. 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிறுத்தியது போன்ற காலம் திரும்ப வந்தால் மட்டும் 100க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அதே செய்தி, ஆனால் எல்லை எதுவும் போடவில்லை

லப்டொப் அடப்டரை அடையாளம் காணவில்லை என்று சந்தேகப்படுங்கள். டெல் அடப்டருக்குள் ஒரு சின்னச் சிப் "நான் 65 வாற்" என்று நடு ஊசி வழியாகச் சொல்லும். எச்.பியின் நீல முனை அடப்டரிலும் லெனோவோவின் நீள்சதுர முனையிலும் நடு ஊசிக்கு இதேபோன்ற வேலை உண்டு. அந்த ஊசி வளைந்தால், அதற்குப் போகும் மயிர் போன்ற வயர் அறுந்தால், 19.5 வோல்ற் ஒழுங்காக வந்தும் பயனில்லை. டெல் என்றால் லப்டொப் ஓடும், பற்றரி ஏறாது, புரொசசரும் வேகத்தைக் குறைத்துவிடும். "சார்ஜரில் போட்டால் லப்டொப் ஆமையாகிறது" என்று சொன்னால் முதலில் பார்க்கவேண்டியது இந்த ஊசியைத்தான்.

சோதிக்கும் விதம்: லப்டொப்பை நிறுத்தி, திரும்பத் தொடங்கும்போது டெல்லில் எஃப் 2 அழுத்திப் பயோசுக்குள் போங்கள். பற்றரித் தகவல் பக்கத்தில் அடப்டர் 65 வாற், 90 வாற் என்று காட்டினால் சரி. தெரியாது என்றோ இல்லை என்றோ காட்டினால் அதே மொடலுக்குரிய இன்னொரு அடப்டரைக் கேட்டு வாங்கிச் செருகுங்கள். அதைக் காட்டினால் உங்கள் அடப்டர் பிழை. அதையும் காட்டாவிட்டால் ஜக், அல்லது மதர்போட்டில் ஊசி வழி.

மலிவான "எல்லாத்துக்கும் பொருந்தும்" அடப்டர்களில் இந்த அடையாளச் சிப் பலவேளை இருக்காது. வோல்ற்றேஜ் அதேயாக இருக்கவேண்டும், வாற் அதே அளவு அல்லது கூடியதாக இருக்கலாம், குறையக்கூடாது. முனை பொருந்துவது மட்டும் காணாது.

யூஎஸ்பி-சி சார்ஜரில் ஏறவே இல்லை, அல்லது ஆமை வேகம்

யூஎஸ்பி-சியில் முதலில் வருவது 5 வோல்ற் மட்டும். பிறகு லப்டொப்பும் சார்ஜரும் பேசி 9, 15, 20 என்று கூட்டிக்கொள்ளும். போன் சார்ஜர்கள் பல 9 வோல்ற்றோடு நின்றுவிடும். பெட்டியில் உள்ள சிறிய எழுத்தை வாசியுங்கள்: '20 வோல்ற், 3.25 அம்பியர்' என்று இருந்தால் 65 வாற். பெரும்பாலான மெல்லிய லப்டொப்புக்கு அது போதும்.

வயரும் முக்கியம். சாதாரண சி-சி வயர் 3 அம்பியர் வரைதான், அதாவது 20 வோல்ற்றில் 60 வாற். அதற்கு மேல் வேண்டுமானால் வயர் முனைக்குள் சிப் வைத்த 5 அம்பியர் வயர் வேண்டும். 100 வாற் சார்ஜரை வாங்கிவிட்டுப் போனோடு வந்த வயரைக் கொளுவினால் 60க்கு மேல் வராது. இரண்டு சி துளை இருக்கிற லப்டொப்பில் ஒன்று மட்டும் சார்ஜ் எடுக்கும் வகையும் உண்டு. துளைக்குப் பக்கத்தில் பிளக் அல்லது மின்னல் குறி இருக்கிறதா பாருங்கள்.

நேரக் கணக்கு ஒன்று. 45 வாற்-மணிப் பற்றரி (45 வாற்றை ஒரு மணித்தியாலம் கொடுக்கக்கூடியது), 30 வாற் சார்ஜர், லப்டொப் ஓடும்போது தானே 20 வாற் தின்கிறது என்றால் பற்றரிக்கு மிஞ்சுவது 10 வாற். நாலரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். வீடியோ எடிற்றிங் தொடங்கினால் சார்ஜில் இருந்தபடியே வீதம் இறங்கும். நிறுத்திவிட்டுப் போட்டால் அதே சார்ஜர் ஒழுங்காக ஏற்றும். இங்கே பழுது ஒன்றும் இல்லை, வாற் காணாது.

100 காட்டுகிறது, கரண்ட் போனதும் கொஞ்ச நேரத்தில் நிற்கிறது. அல்லது 30இல் திடீரென்று அணைகிறது

இது பற்றரியின் முறை. விண்டோஸில் கமாண்ட் புரொம்ப்டை (கட்டளை தட்டுகிற பெட்டி) திறந்து, 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒட்டி சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு முன்சாய்கோடு, அதோடு ஒட்டி 'பற்றரி ரிப்போர்ட்' என்ற இரண்டு சொல்லையும் ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் தட்டி என்ரர் அடியுங்கள். அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று அதுவே சொல்லும். பிரவுசரில் திறந்து இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: 'டிசைன் கபாசிற்றி', 'ஃபுல் சார்ஜ் கபாசிற்றி'. முதலாவது 45,000, இரண்டாவது 27,000 என்றால் பற்றரியில் மிச்சம் 60 வீதம். 80க்கு மேல் இருந்தால் மாற்றவேண்டாம். 50க்குக் கீழே போனால் மாற்றுவது நியாயம். இடையில் இருப்பது உங்கள் தேவையைப் பொறுத்தது.

30இல் திடீரென்று அணைவதற்குக் காரணம், தொடரில் உள்ள செல்களில் ஒன்று மற்றவற்றைவிட நலிந்துவிட்டது. பாரம் கூடும்போது அந்தச் செல்லின் வோல்ற்றேஜ் மட்டும் கீழ் எல்லையைத் தொடும், பாதுகாப்புச் சுற்று முழுவதையும் வெட்டிவிடும். மற்ற செல்களில் சார்ஜ் இருந்தும் பயன் இல்லை. செல்லை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்களை நம்பிப் போகவேண்டாம். புதுச் செல்லும் பழைய செல்லும் ஒரு தொடரில் ஒத்துப்போகாது.

அறிக்கையில் கொள்ளளவு நன்றாக இருந்தும் வீதம் தாவினால், கணக்கெடுக்கிற சிப் வழிதவறியிருக்கலாம். 100 வரை ஏற்றி இரண்டு மணித்தியாலம் அப்படியே விடுங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி, தானாக அணையும்வரை பாவித்து, இடைநிறுத்தாமல் திரும்ப 100 வரை ஏற்றுங்கள். எப்போதாவது ஒருக்காச் செய்தால் காணும். மாதாமாதம் செய்தால் பற்றரியைத்தான் தேய்க்கிறீர்கள்.

பல மாதம் பூட்டி வைத்த லப்டொப், 0இலேயே நிற்கிறது

வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டில் விட்டுப்போன லப்டொப்புகளில் இது அடிக்கடி. செல் மிகக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜர் சிப் முதலில் மிகச் சிறிய கரண்ட்டைத்தான் அனுப்பும். லப்டொப்பை நிறுத்திய நிலையில் உரிய அடப்டரோடு இரண்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள், ஆனால் ஆள் இருக்கிற இடத்தில். அசைவில்லாவிட்டால் அடப்டரைக் கழற்றி, கழரும் பற்றரி என்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஏசரிலும் சில லெனோவோக்களிலும் அடிமூடியில் ஊசித்துளை ஒன்று இருக்கும். பேப்பர் கிளிப்பால் சில வினாடி அழுத்தினால் உட்பற்றரியின் தொடர்பு அறுந்து புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் எழும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து நேரடியாக வோல்ற் கொடுத்து எழுப்புகிற வீடியோக்கள் நிறைய உண்டு. மிகக் கீழே இறங்கிய செல்லுக்குள் செப்புத் தகடு கரைந்து, திரும்ப ஏற்றும்போது கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷோர்ட் ஆக்கும். பாதுகாப்புச் சுற்று அதை மறிப்பது காரணத்தோடுதான்.

கழற்றிய பற்றரியின் முனையில் மீற்றர் 0 காட்டுவதை வைத்து மட்டும் செத்துவிட்டது என்று முடிவெடுக்கவும் கூடாது. பல பற்றரிகள் லப்டொப்பில் பொருத்தியதை உணரும்வரை வாசலைத் திறக்காது.

மத்தியானத்தில் ஏறாது, இரவில் ஏறும்

வெக்கை. செல் 45 பாகையைத் தாண்டினால் சார்ஜைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில், தகரக் கூரைக்குக் கீழே, மெத்தையில் வைத்துப் பாவித்தால் இலகுவில் தாண்டும். கெட்டியான மேசையில் வைத்து, காற்றுத் துளையில் அடைந்த புழுதியை எடுத்து, குளிர்ந்த பிறகு பாருங்கள்.

சார்ஜில் இருக்கும்போது உடம்பில் சுள்ளென்கிறது, ரச்பாட் துள்ளுகிறது

அடப்டருக்குள் இரைச்சலை வடிக்க வைத்த சிறு கொண்டென்சர் வழியாக மிகச் சிறிய கரண்ட் வெளியே கசியும். எர்த் இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும். மாற்றுப் பிளக்கில் எர்த் பின் இல்லாவிட்டால், அல்லது வீட்டு வயறிங்கில் எர்த் இல்லாவிட்டால், உலோக உடலில் நிற்கும். மூன்று பின் அடப்டரை எர்த் உள்ள சொக்கற்றில் போட்டால் போய்விடும். இரண்டு பின் அடப்டரில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். சுள்ளென்பதைத் தாண்டி அடிக்கிற மாதிரி இருந்தால் உடனே கழற்றி, வயர்மனைக் கொண்டு வயறிங்கையும் பார்ப்பியுங்கள்.

இடி மின்னல் தொடங்குகிற ஐப்பசி, கார்த்திகையில் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் காணாது, பிளக்கையே சுவரிலிருந்து கழற்றுங்கள். ஜெனரேற்றரில் போடுவதாக இருந்தால் அது ஸ்ராட் ஆகி நிதானமான பிறகு கொளுவுங்கள். அக்கம்பக்கத்தில் நியூற்றல் வயர் அறுந்து பல்ப் கண்ணைக் கூசும் அளவுக்கு எரிந்தால் ஓடிப்போய்க் கழற்றவேண்டியதில் இதுவும் ஒன்று. அடப்டர் தாங்குவது 240 வரைக்கும் கொஞ்சம் மேலும்தான், அந்த நேரம் 300ஐயும் தாண்டலாம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

பழைய பற்றரியைக் கையில் கொண்டு ரவுணுக்குப் போங்கள். லப்டொப் மொடல் பெயர் காணாது. ஒரே மொடலுக்கு இரண்டு மூன்று வகைப் பற்றரி இருக்கும், லேபலில் உள்ள பாக இலக்கம் ஒத்துவரவேண்டும். 10.8ம் 11.1ம் ஒன்றுதான், 14.4ம் 14.8ம் ஒன்றுதான்; ஒரே செல் எண்ணிக்கையை 3.6 என்றும் 3.7 என்றும் பெருக்கியதால் வந்த வித்தியாசம். 11.1க்குப் பதில் 14.8 போடமுடியாது. 11.4 என்று எழுதியிருந்தால் அதன் செல் 4.35 வரை ஏறும் வகை, அதற்கு அதேதான் வேண்டும்.

கொள்ளளவை வாற்-மணியில் ஒப்பிடுங்கள். 11.1 வோல்ற், 4400 மில்லி அம்பியர்-மணி என்றால் கிட்டத்தட்ட 49 வாற்-மணி. 14.8 வோல்ற், 2200 என்றால் 33தான். உற்பத்தித் திகதியைப் பாருங்கள். பாவிக்காமல் பெட்டியில் இருந்தாலும் லித்தியம் மூப்படையும்.

கடையிலேயே போட்டு, மேலே சொன்ன அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 'ஃபுல் சார்ஜ் கபாசிற்றி' டிசைன் அளவுக்குக் கிட்ட இருக்கவேண்டும், சுழற்சி எண்ணிக்கை (எத்தனை தடவை முழுதாக ஏற்றி இறக்கியது என்ற கணக்கு) காட்டினால் அது 0 அல்லது ஒற்றை இலக்கமாக இருக்கவேண்டும். காசு கொடுப்பது அதற்குப் பிறகு.